இரண்டு ஜெனரேட்டர், ஒரே பழுது

அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால், உலையைக் குளிர்விக்கும் பம்புகளுக்காக அவசர டீசல் ஜெனரேட்டர்கள் தாமாகவே கிளம்ப வேண்டும். ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டாவது வைப்பார்கள். இரண்டும் ஒருசேரக் கைவிட எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கணக்கிடும் முறைகள் பல. விடைகள் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

பரவலாகப் புழங்குவது பழுது மரம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மினிட்மேன் ஏவுகணைக்காக உருவான இதை, 1975இல் நார்மன் ராஸ்முசென் தலைமையில் வெளிவந்த உலைப் பாதுகாப்பு ஆய்வு அணுமின் துறையில் நிலைநிறுத்தியது. உச்சியில் ‘மின்சாரம் இல்லை’ என்று எழுதி, அதற்கு எவையெவை கெட வேண்டும் என்று கீழ்நோக்கிக் கிளை பிரித்துக்கொண்டே போவார்கள். ஒரு ஜெனரேட்டர் கிளம்பாமலிருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், இரண்டுக்கும் 10,000இல் ஒன்று.

பெருக்கல் சரி, சராசரிதான் சிக்கல். சும்மா நிற்கும் ஜெனரேட்டரில் வந்த பழுது அடுத்த சோதனையில்தான் தெரியும். சோதனை முடிந்த நாளிலிருந்து பழுதுக்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். இரண்டையும் ஒரே நாளில் சோதித்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும். உண்மையான விடை, சராசரிகளைப் பெருக்கி வருவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். சோதனை நாட்களை மாற்றி மாற்றி வைத்தால் இது குறையும்.

பழுதுபார்க்கும் நேரத்தையும் சேர்க்க மார்க்கோவ் முறை உதவும். இரண்டும் நலம், ஒன்று பழுதில், இரண்டும் பழுதில் என நிலைகளை வகுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வேகத்தைக் கணக்கிடுவது இது. பத்து கருவிகள் வந்தாலே 1,024 நிலைகள். அதனால் சின்ன அமைப்புகளோடு நிற்கிறது.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில். ஒரே வடிவமைப்பு, ஒரே எண்ணெய், ஒரே பராமரிப்புக் குழு என்றிருக்கும்போது பழுதுகள் தனித்தனியாக வரும் என்று எப்படி நம்புவது? 1970களில் கார்ல் ஃபிளெமிங் முன்வைத்த பீட்டா காரணி இதைக் கணக்கில் கொண்டுவந்தது. பழுதுகளில் பத்தில் ஒரு பங்கு இரண்டையும் சேர்த்தே தாக்கும் என்று வைத்தால், 10,000இல் ஒன்று என்பது 1,000இல் ஒன்றையே தாண்டிவிடுகிறது. எத்தனை நுணுக்கமான மரமும் இந்த ஒற்றை எண்ணுக்கு முன் எடுபடாது. ஆனால், பொதுப் பழுது வந்தால் எல்லாமே போகும் என்று கொள்வதால், மூன்றாவது நான்காவது ஜெனரேட்டரின் பயனை இது கிட்டத்தட்ட மறைத்துவிடும். இரண்டு மட்டும் கெடுவதையும் மூன்று கெடுவதையும் பிரித்துப் பார்க்க ஆல்பா காரணி முறை பின்னர் வந்தது.

வெள்ளமும் நிலநடுக்கமும் இந்தக் காரணிகளுக்குள் அடங்குவதில்லை. அவற்றுக்குத் தனி ஆய்வு உண்டு. 2011 மார்ச் 11இல் ஃபுகுஷிமா டாய்ச்சியில் சுனாமிக்குப் பின் 13 அவசர ஜெனரேட்டர்களில் மின்சாரம் தந்தது ஆறாம் உலையைச் சேர்ந்த ஒன்றுதான். கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிர்ந்த அது, ஐந்தாம் உலைக்கும் சேர்த்தே மின்சாரம் கொடுத்தது.