செயன்முறை அறையில் முதலாண்டு: அமெரிக்க உயிரியல் துறைகளிற் பட்டப்பின் கற்பித்தல் உதவியாளர்

பல்கலைக்கழகத்தில் உயிரியலை முதன்முறையாகக் கற்க வரும் மாணவருக்கு அத்துறையின் பேராசிரியர் தொலைவிலுள்ள ஓர் உருவமே. சில நூறு பேர் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து அவரைக் கண்டோர் பலர். அவருடன் உரையாடியோர் சிலர். அம்மாணவர் ஓர் உயிரியலாளரோடு நேர்முகமாகப் பேசும் இடம் செயன்முறை அறையேயாகும். ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்களில் அவ்வறையில் அவரை எதிர்கொள்பவர், சில வாரங்களுக்கு முன்னர் அந்நகருக்கு வந்து சேர்ந்த, தமது ஆய்வுப் பொருளையே இன்னும் தெரிவுசெய்யாத ஒரு பட்டப்பின் மாணவராக இருத்தல் கூடும். இவரையே பட்டப்பின் கற்பித்தல் உதவியாளர் என்பர். 2005ஆம் ஆண்டில் சண்ட்பேர்க்கும் அவரோடிணைந்த இருவரும் வெளியிட்ட கணிப்பின்படி, அந்நாட்டின் ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் அறிமுக உயிரியற் செயன்முறை வகுப்புகளில் 91 வீதமானவற்றை நடத்தியோர் இவ்வுதவியாளர்களே.

நம் நாட்டிற் சிறப்புப் பட்டம் பெற்ற கையோடு தற்காலிகமாக அமர்த்தப்படும் செயன்முறை விளக்குநரை இவர் நமக்கு நினைவூட்டுவார். எனினும் இருவரும் ஒரே நிலையினர் அல்லர். நமது விளக்குநர் பெரும்பாலும் ஒரு படிப்பை முடித்துவிட்டு அடுத்த படிக்காகக் காத்திருப்பவர். அமெரிக்க உதவியாளரோ ஒரே வேளையில் மாணவர், ஆசிரியர், ஊதியம் பெறும் தொழிலாளி என மூன்று நிலைகளில் வாழ்பவர். நம் விஞ்ஞானப் பட்டதாரிகளிற் கணிசமானோர் இந்நியமனத்தை நம்பியே அந்நாட்டுக்குச் செல்வதால், அம்மூன்று நிலைகளும் எவ்வாறு ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை ஆராய்தல் நமக்கும் புறம்பான காரியமன்று.

உயிரியலைச் செயன்முறை மூலம் கற்பிக்கும் முறை அத்துணைப் பழமையானதன்று. 1870களின் தொடக்கத்தில் இலண்டன் சவுத் கென்சிங்ரனில் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி பாடசாலை ஆசிரியர்களுக்கென நடத்திய வகுப்புகளே அதற்கு ஒரு நிலையான வடிவத்தை அளித்தன. முதலில் ஹக்ஸ்லியின் விரிவுரை. அதனையடுத்து, விரிவுரையிற் கேட்ட உயிரியைக் கற்போரே வெட்டியும் நுணுக்குக்காட்டியில் நோக்கியும் அறிதல். அங்கே மேசைக்கு மேசை சென்று வழிகாட்டியோர் மைக்கல் பொஸ்ரர், வில்லியம் றதர்போர்ட், ரே லங்கெஸ்ரர் என்போர். பொஸ்ரர் அப்போது கேம்பிரிட்ஜில் உடற்றொழிலியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். றதர்போர்ட் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஏற்கெனவே பேராசிரியர். அதாவது, இம்முறை உருவானபோது விளக்குநர் பணி கடைநிலைப் பணியாகக் கருதப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அவ்வகுப்புகளின் அனுபவத்தினடியாக ஹக்ஸ்லியும் அவரின் உதவியாளர் ஹென்றி நியுவெல் மார்ட்டினும் எழுதிய செயன்முறைக் கைந்நூல் 1875இல் வெளிவந்தது. மறு ஆண்டில் மார்ட்டின் அத்திலாந்திக்கைக் கடந்து, புதிதாகத் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் முதல் உயிரியற் பேராசிரியரானார். பட்டப்பின் மாணவருக்கு உதவுதொகை வழங்கி ஆய்வாளராக வளர்க்கும் வழக்கத்தை அந்நாட்டில் வேரூன்றச் செய்ததும் அப்பல்கலைக்கழகமே. தொடக்கத்தில் 20 பேருக்கு ஆண்டுக்கு 500 டொலர் வீதம் அத்தொகை வழங்கப்பட்டது. ஆய்வுக்கென வழங்கப்பட்ட இத்தகைய உதவி, ஏனைய பல்கலைக்கழகங்களிற் கற்பித்தலுக்கான கூலியாகப் படிப்படியாக உருமாறியது. 1944ஆம் ஆண்டின் படைவீரர் சட்டத்தால் முன்னாட் படையினர் பல்கலைக்கழகங்களை நிறைத்தனர். 1957இல் ஸ்புட்னிக் பறந்ததன் பின்னர் விஞ்ஞானக் கல்விக்கு அரசுப் பணம் பெருகிற்று. மாணவர் தொகை பெருகிய வேகத்திற் பேராசிரியர் தொகை பெருகவில்லை. இடைவெளியை நிரப்பக் கிடைத்த மலிவான உழைப்பே பட்டப்பின் மாணவர். இதனைக் கல்வியியல் நோக்கில் எழுந்த ஏற்பாடு என்று கூறுவோர் உளர். வரவுசெலவுக் கணக்கில் எழுந்த ஏற்பாட்டுக்குக் கல்வியியல் நியாயம் பின்னர் தேடப்பட்டது என்பதே எமது கருத்து.

நியமனத்தின் நிபந்தனைகள் எளிமையானவை. வழக்கமாக அது 'அரைநேர' நியமனம். வாரத்துக்கு 20 மணி நேர உழைப்பு எனக் கணக்கிடப்படும். அதற்கீடாகப் பட்டப்படிப்புக் கட்டணம் முழுவதுமோ பெரும்பகுதியோ விலக்கப்படுவதுடன், சிக்கனமாக வாழப் போதுமானதோ போதாததோ ஆன ஓர் உதவுதொகையும் கிடைக்கும். மாணவர் விசாவில் வந்தோர் தவணைக் காலத்தில் வளாகத்துள் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் வேலைசெய்ய இயலாதாகையால், தொகை போதாவிடின் வேறு வழி தேடும் உரிமையும் அவர்க்கில்லை. காகிதத்தில் 20 மணியாயினும், இரண்டு வகுப்புகளுக்குரிய அறிக்கைகளைத் திருத்தும் வாரத்தில் அவ்வெண் எவ்வளவாக நீளும் என்பதைத் திருத்தியவரே அறிவர்.

இனி, செயன்முறை அறைக்குள் நுழைவோம். மூன்று மணி நேர வகுப்பு. இருபது அல்லது இருபத்துநான்கு மாணவர். அன்றைய பாடம் வெங்காய வேர்நுனியில் இழையுருப்பிரிவு எனக் கொள்வோம். பாடத்தை உதவியாளர் அறிவார்; பரீட்சையில் அதனை எழுதித் தேறியவர். ஆனால் மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதை எந்தப் பரீட்சையும் அவருக்குக் கற்பித்திருக்காது. தாமே வழுக்கியை ஆயத்தம் செய்த முதல் மாணவி, தடித்த கரிய விளிம்புடைய வட்டமொன்றைக் கண்டு, "கலம் தெரிகிறது" என்கிறார். அது கண்ணாடி மூடியின் கீழ் அகப்பட்ட காற்றுக்குமிழி. இன்னொருவர் தமது கண்ணிமை மயிரை மாதிரியின் பகுதியென வரைகிறார். மூன்றாமவர் நுணுக்குக்காட்டியை நோக்குவதேயில்லை. கைந்நூலின் படத்தைப் பார்த்து, பதினாறு நிறமூர்த்தங்களும் ஒழுங்காகப் பிரியும் அழகிய உருவமொன்றைத் தாளில் வரைந்துகொண்டிருக்கிறார்.

இங்கேதான் கற்பித்தல் தொடங்குகிறது. குமிழியைக் கலமென்ற மாணவியிடம் "அது பிழை" என்று கூறி வழுக்கியைத் தாமே சரிசெய்து கொடுப்பது எளிது. வரிசையில் இன்னும் பத்துப் பேர் கையுயர்த்தி நிற்கையில் அதுவே பெரும்பாலும் நிகழும். "கலமாயின் இதன் கலச்சுவர் எங்கே? உள்ளே எதைக் காண்கிறீர்? மூடியை மெல்ல அழுத்தினால் இது என்னாகும்?" என்று வினவி, அவரே குமிழியென உணரும்வரை காத்திருப்பதற்கு ஐந்து நிமிடம் வேண்டும். ஐந்து நிமிடத்தை இருபத்துநான்காற் பெருக்கினால் இரண்டு மணி நேரம் கழிந்துவிடும். முறைமை உதவியாளரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது வெளிப்படை.

படத்தைப் பார்த்து வரைந்த மாணவரின் நிலை இன்னும் சிக்கலானது. மெய்யான வேர்நுனியில் மிகப் பெரும்பாலான கலங்கள் பிரிந்துகொண்டிருப்பதில்லை; அவை இடையவத்தையில் உள்ளன. இவ்வுண்மையே அன்றைய பாடத்தின் உயிர்நிலை. எடுத்துக்காட்டாக, எண்ணப்பட்ட 200 கலங்களில் 180 இடையவத்தையில் இருந்து, கலவட்டம் முழுவதும் 24 மணியெனக் கொள்ளப்படின், இடையவத்தை ஏறத்தாழ 21.6 மணி நீடிக்கும் என மாணவர் கணிக்கலாம். அசையாத ஒரு காட்சியிலிருந்து காலத்தின் ஓட்டத்தை அளந்தறியும் இச்சிந்தனை கைந்நூற் படத்தை நகல் செய்தவருக்கு என்றும் வாய்க்காது. ஆனால் திருத்தும் அட்டவணை, 'நான்கு அவத்தைகளும் வரையப்பட்டுள்ளனவா' என்று மட்டும் கேட்குமாயின், முழுப் புள்ளியும் அவருக்கே. தாம் கண்டதைக் கண்டவாறே, மங்கலாகவும் குறையாகவும் வரைந்தவருக்குப் புள்ளி குறையும்.

பழ ஈக்களைக் கலப்புச் செய்து எச்சங்களை எண்ணும் வகுப்பில் இது அறப்பிரச்சினையாகவே மாறிவிடுகிறது. எதிர்பார்க்கப்படும் விகிதம் 3:1 என்பதை முன்னரே அறிந்த மாணவர், 71க்கு 29 என்று வந்ததை 75க்கு 25 எனத் திருத்திவிடுவார். அது நேர்மையீனம் என்று அவர் எண்ணுவதில்லை. 'சரியான விடையை' எழுதியதாகவே எண்ணுவார். மெண்டலின் எண்களே எதிர்பார்ப்போடு அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன என 1936இல் ஆர். ஏ. பிஷர் எழுப்பிய ஐயம் அறிஞரிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தின் சிறு பிரதி ஒவ்வொரு தவணையும் ஒவ்வொரு செயன்முறை அறையிலும் நிகழ்கிறது. அதற்குத் தீர்ப்பளிப்பவர் இருபத்துமூன்று வயது உதவியாளர். 71க்கு 29ஐ ஏற்று, கை-வர்க்கச் சோதனையால் அவ்வேறுபாடு தற்செயலானதெனக் கொள்ளத்தக்கதே எனக் காட்டுபவர் விஞ்ஞானத்தைக் கற்பிக்கிறார். 75க்கு 25ஐக் கண்டு மகிழ்ந்து முழுப் புள்ளி இடுபவர் வேறொன்றைக் கற்பிக்கிறார்.

இத்தகைய தீர்ப்புகளுக்கு அவர் எவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகிறார்? தவணை தொடங்குமுன் ஓரிரு நாள் அறிமுகக் கூட்டம். அதிலும் தீயணைப்பு, அமிலச் சிதறல், புள்ளி வழங்கும் விதிகள் முதலியவையே நேரத்தின் பெரும்பகுதியை விழுங்குவது வழக்கம். பின்னர் வாரந்தோறும் செயன்முறைப் பொறுப்பாளர் நடத்தும் ஆயத்தக் கூட்டம். 1979இல் நிறுவப்பட்ட உயிரியற் செயன்முறைக் கல்விச் சங்கம் போன்றவை நல்ல பரிசோதனைகளைத் தொகுத்துப் பரப்பி வந்துள்ளன. எனினும், பரிசோதனையை முதல்நாள் மாலையிலேயே தாம் தனித்துச் செய்து பார்த்தலும், மூத்த உதவியாளர் ஒருவரின் வகுப்பில் ஒருநாள் மூலையில் நின்று நோக்குதலும் தரும் ஆயத்தத்துக்கு ஈடு வேறெதுவுமில்லை. இவ்விரண்டுக்கும் 20 மணிக் கணக்கில் இடம் ஒதுக்கும் துறைகள் அரிதே.

வெளிநாட்டிலிருந்து வரும் உதவியாளர் இன்னுமொரு சுமையையும் தாங்குகிறார். 1970களிலும் 1980களிலும் அவர்தம் தொகை பெருகியபோது, 'எங்கள் ஆசிரியரின் ஆங்கிலம் விளங்கவில்லை' என்ற முறைப்பாடு சட்டமன்றங்கள் வரை சென்றது. 1983இல் புளோரிடாவும் 1986இல் ஒஹாயோவும் கற்பிப்போரின் பேச்சாங்கிலத் தகைமையைச் சட்டத்தால் வற்புறுத்தின. மாணவருக்கு விளங்கும் மொழியிற் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் விளங்காமை எங்கே பிறக்கிறது என்ற வினா எஞ்சி நிற்கிறது. ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் றூபின் 1992இல் வெளியிட்ட பரிசோதனை இவ்வகையில் மிக முக்கியமானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கப் பெண்ணொருத்தியின் பதிவுசெய்யப்பட்ட விரிவுரையை மாணவர் கேட்டனர். ஒரு சாராருக்கு வெள்ளையினப் பெண்ணின் புகைப்படமும், மறுசாராருக்கு ஆசியப் பெண்ணின் புகைப்படமும் விரிவுரையாளரின் படமெனக் காட்டப்பட்டன. குரல் ஒன்றே, ஆயினும் ஆசிய முகத்தைக் கண்டோர் அக்குரலில் அந்நிய உச்சரிப்பைக் 'கேட்டனர்'. அவர்கள் விரிவுரையை விளங்கிக்கொண்ட அளவும் குறைந்தது. குமிழியிற் கலத்தைக் கண்ட மாணவியின் தவறும் இவ்வகையினதே. குமிழியை மாத்திரம் அழுத்திப் பார்த்துத் திருத்திவிடலாம்.

நம் நாட்டு நிலை இதற்கு நேர்மாறானது. தமிழ்மூலம் உயர்தரம் கற்று, ஆங்கிலமூல விஞ்ஞான பீடத்துட் புகும் மாணவருக்குச் செயன்முறை விளக்குநர் தாழ்ந்த குரலிற் சொல்லும் தமிழ் விளக்கமே பல வேளைகளில் முதற்றுணையாகிறது. அவ்வாறு துணைநின்ற ஒருவரே ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்கச் செயன்முறை அறையொன்றில் 'விளங்காத ஆங்கிலத்தினர்' ஆகிவிடுதல் கூடும்.

உதவியாளர் தொழிலாளியா, மாணவரா என்ற வினாவுக்கு வருவோம். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1966இல் கற்பித்தல் உதவியாளர் சங்கம் தோன்றியது. 1970இல் அது மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து எழுத்து மூலமான உடன்படிக்கையைப் பெற்றது. தனியார் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை தேசிய தொழில் உறவுகள் சபை தடுமாறியது. 2000இல் அவர்கள் ஊழியரே என்றது. 2004இல் மாணவரே என்றது. 2016இல் கொலம்பியாப் பல்கலைக்கழக வழக்கில் மீண்டும் ஊழியரே என்றது. 2022 நவம்பர் 14ஆம் திகதி கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் உதவியாளர், ஆய்வாளர் என ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, வீட்டு வாடகையே அவர்தம் பேச்சின் நடுநாயகமாயிருந்தது. திருத்தப்படாத அறிக்கைகள் குவிந்த பின்னரே, அப்பல்கலைக்கழகத்தின் அன்றாடக் கல்வி யாருடைய கைகளிற் தங்கியிருந்தது என்பது பலருக்குப் புலனாயிற்று.

கற்பித்தல் ஆய்வுக்கு இடையூறு என்ற நெடுங்கால நம்பிக்கையும் சோதிக்கப்பட்டுள்ளது. 2011இல் 'சயன்ஸ்' இதழில் டேவிட் பெல்டனும் குழுவினரும் 95 பட்டப்பின் மாணவரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். ஆய்வு மட்டும் செய்தோரைவிட, ஆய்வோடு கற்பித்தலிலும் ஈடுபட்டோர், சோதிக்கத்தக்க கருதுகோள்களை அமைப்பதிலும் பரிசோதனைகளைத் திட்டமிடுவதிலும் கூடிய முன்னேற்றம் காட்டினர். வாரந்தோறும் பிறருடைய குழப்பங்களைப் பகுத்து நோக்குபவர் தமது குழப்பங்களையும் பகுக்கப் பழகுகிறார் எனில் அதில் வியப்பில்லை. ஆயினும் பல மேற்பார்வையாளர்களின் கணக்கிற் கற்பித்தல் மணிகள் ஆய்வு மணிகளிலிருந்து கழிக்கப்பட வேண்டியனவே. ஆராய்ச்சி மானியம் கைக்கு வந்ததும், தம் மாணவரைச் செயன்முறை அறையிலிருந்து விடுவிப்பதே அவர்கள் அவருக்குச் செய்யும் முதல் உதவியாக இருக்கிறது.