வயலினுக்கு அண்ணன் வயோலா

வயலின் நமக்குத் தெரியும். வயோலா? பார்த்தால் வயலின் மாதிரியேதான், கொஞ்சம் பெரிசு. சுருதி மட்டும் ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம் கீழே.

சிக்கல் டிசைனில்தான். அந்தச் சுருதிக்குக் கணக்குப் போட்டால், வயலினின் 14 அங்குல உடம்பு ஒன்றரை மடங்காகி 21 அங்குலம் ஆக வேண்டும். அதைத் தாடைக்கடியில் வைத்தால் கை எட்டுமா? எனவே சுமார் 16 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். விளைவு, கொஞ்சம் மூக்கடைத்த குரல்! ஆர்க்கெஸ்ட்ராவில் நடுக்குரலை நிரப்புவதே பெரும்பாலும் அதன் வேலை. தனிக் கச்சேரிக்கு உருப்படிகளே குறைவு.

இங்கிலாந்தில் இதை மாற்றியவர் லயனல் டெர்ட்டிஸ் (1876-1975). பாக்ஸ், வாகன் வில்லியம்ஸ் எல்லாம் அவருக்காகவே எழுதினார்கள். ரெபெக்கா கிளார்க் என்ற வயோலாக் கலைஞர், தானே 1919-ல் ஓர் அருமையான சொனாட்டா எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், வயோலாவுக்காகவே வாழ்ந்த டெர்ட்டிஸ், வால்ட்டன் தன்னை மனதில் வைத்து எழுதிய கன்செர்ட்டோவை 'ரொம்ப நவீனம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்! 1929 அக்டோபர் 3-ல் லண்டனில் அதை முதலில் வாசித்தவர் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித். இன்று வயோலாக்காரர்கள் தவறாமல் படிக்கும் உருப்படி அது. டெர்ட்டிஸும் பிறகு வருந்தி, தானே மேடையில் வாசித்தார்.

அந்த 21 அங்குலக் கணக்கையும் மனுஷன் விடவில்லை. ரிச்சர்ட்ஸன் என்ற கருவி செய்பவரோடு சேர்ந்து 1930-களில் புது மாடலே போட்டார். கைக்கும் அடங்கணும், அடித்தந்தியும் கனமாகப் பேசணும். உடம்பு நீளம் 16¾ அங்குலம்.