சுழற் சக்கரமும் இரட்டிப்புக் கணக்கும்

ஆவணிக் கடைசியில் அங்கத்தினர் ஒருவர் நம்மைக் காண வந்தார். விதைக்கும் உரத்துக்குமென நகையை அடகு வைத்துப் பெற்ற பதினைந்தாயிரம் ரூபாய் மடியில் இருந்தது. கையில், நான்காக மடித்த ஒரு தாள். 'ரூலெட்' என்னும் சுழற் சக்கர ஆட்டத்தில் தோற்கவே இயலாத முறை ஒன்றைக் கைப்பேசியில் பார்த்து எழுதி வந்திருந்தார். அதில் பிழையுண்டா என வினவினார். அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கைப் பிற அங்கத்தினர்களும் அறிதல் நன்று.

சக்கரத்தில் 37 குழிகள். பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு. எஞ்சிய பூஜ்யம் பச்சை. சிவப்பின்மேல் வைத்த பத்து ரூபாய்க்குச் சிவப்பு விழுந்தால் மேலும் பத்து கிடைக்கும். பூஜ்யம் விழுந்தாலோ சிவப்புக்காரரும் தோற்பார், கறுப்புக்காரரும் தோற்பார். நடத்துபவரின் வரும்படி அந்தப் பச்சைக் குழியிலேதான் இருக்கிறது: வைக்கும் நூறு ரூபாய்க்குச் சராசரி 2 ரூபாய் 70 காசு. இரண்டு பூஜ்யங்களுள்ள அமெரிக்கச் சக்கரத்தில் அது 5 ரூபாய் 26 காசு.

தாளில் இருந்த முறை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சிலேயே 'மார்ட்டிங்கேல்' என வழங்கியது. தோற்றால் பத்தை இருபதாக்கு. மீண்டும் தோற்றால் நாற்பதாக்கு. என்றேனும் சிவப்பு விழும். அப்போது போனதெல்லாம் மீண்டு, பத்து ரூபாய் லாபமும் நிற்கும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பத்து முறை தொடர்ந்து தோற்றால் போன தொகை 10,230 ரூபாய். பதினோராம் முறைக்கு 10,240 வேண்டும். நம் அங்கத்தினர் மடியில் மிஞ்சுவதோ 4,770. அவ்வாறு பத்து தோல்வி தொடர்வது சுமார் 784 முயற்சிகளில் ஒருமுறை நேரும். மற்ற 783-இலும் பத்துப் பத்தாகச் சேர்வது 7,830 ரூபாய். அந்த ஒன்றில் போவது 10,230. நிகர நஷ்டம் 2,400.

பத்து முறை தொடருமா என்று ஐயுறுவோர் மான்டி கார்லோவை நினைக்க வேண்டும். 1913 ஆகஸ்டு 18 அன்று அங்கே 26 முறை தொடர்ந்து கறுப்பே விழுந்தது. 'இனிச் சிவப்புதான்' என்று கூட்டம் பணத்தைக் கொட்டித் தோற்றது. முன் விழுந்தது எது என்பதைச் சக்கரம் நினைவில் வைப்பதில்லை.

அதே ஊரில் வென்றவரும் உண்டு. ஜோசப் ஜாகர் என்பவர், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு ஜவுளித் தொழிலிலிருந்து சென்றவர். ஆட்களை அமர்த்தி, விழுந்த எண்களையெல்லாம் குறிக்கச் செய்து, ஒரு சக்கரம் சில எண்களின் பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்தார். ஆலையில் கதிர் சுழல்வதைப் பார்த்த நம்மவர்க்கு இது வியப்பன்று. அவர் பந்தய முறையால் வெல்லவில்லை. இயந்திரக் கோளாறால் வென்றார். சக்கரங்களை மாற்றியமைத்தவுடன் அவர் வெற்றியும் நின்றது. கைப்பேசியில் சுழல்வதோ சக்கரமேயன்று, வெறும் படம். எண்ணை எங்கோ ஒரு கணிப்பொறி இடுகிறது.

நம் பருத்திக்கும் இச்சூதில் ஒரு பங்குண்டு. நியூயார்க்கிலிருந்து பம்பாய்க்குத் தந்தியில் வந்த பஞ்சு விலையின் எண்களைக் குறித்தே முன்னாளில் பந்தயம் கட்டினர். 1961-இல் அது நின்றதும் பானையிலிருந்து சீட்டெடுத்தனர். 'மட்கா' என்ற பெயர் அப்பானையைக் குறிப்பதே. பத்து எண்களில் ஒன்றைச் சொல்பவருக்கு ஒன்பது மடங்கு என்பது அங்கே வழக்கமான கணக்கு. நூற்றுக்குப் பத்து பிடித்தம்! சக்கரக்காரரே இவர்களைவிடத் தேவலை.

"கரிசல் வெள்ளாமை மட்டும் சூதாட்டம் இல்லையா, ஐயா?" என்று அங்கத்தினர் கேட்டார். மழையை நம்பி விதைப்பவர் கேட்கத் தக்க கேள்விதான். ஆனால் பருத்திக்கிடையே உளுந்து போடுகிறோம். ஒன்று பொய்த்தால் மற்றொன்று ஓரளவு தாங்கும். சிவப்பிலும் கறுப்பிலும் சேர்த்து வைப்பவரிடமோ பூஜ்யம் வந்து இரண்டையும் வாரிக்கொண்டு போகும்.

இணையவழிச் சூதாட்டத்தைத் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டை 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் தடுக்கின்றன என்பதையும் சொன்னோம்.

அவர் விடவில்லை. "பூஜ்யமே இல்லாத சக்கரமாக இருந்தால்?" என்றார். அதையும் போட்டோம். 1,024 முயற்சிகளில் 1,023 வெற்றி: 10,230 ரூபாய். ஒரு தோல்வி: 10,230 ரூபாய். கூட்டலை இரண்டு முறை சரிபார்த்த பின், தாளின் பின்புறத்தில் விதைக் கணக்கை எழுதலானார்.