காலையில் மடங்காத விரல்கள்



"ராத்திரி பனி ஐயா, விரலு மடங்க மாட்டேங்குது, கத்தரியப் புடிக்க முடியல" என்று சொல்லிக்கொண்டு பலர் தோட்ட ஆஸ்பத்திரிக்கு வருகிறீர்கள். கேமரன் மலையில் குளிர் எல்லாருக்கும் ஒன்றுதான். கை கால் அசைத்துக் கொஞ்ச நேரத்தில் விறைப்பு விட்டால் பயமில்லை. ஆனால், இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, எழுந்து ஒரு மணி நேரமாகியும் கை மடங்காமல், வாரக்கணக்கில் இப்படியே இருந்தால் குளிரின் மேல் பழி போடாதீர்கள். அது முடக்குவாதமாக இருக்கலாம். பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது? ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் நமக்குக் காவல்காரர்கள். கையில் முள் குத்தினால், முதலில் ஓடிவந்த அணுக்கள் மற்ற அணுக்களுக்குச் சேதி அனுப்பும். டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற ரசாயனப் பொருள்கள்தாம் அந்தச் சேதி. கூட்டம் கூடும், இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கும். இதுவே அழற்சி. வேலை முடிந்ததும் 'கலைந்து போ' என்று வேறு சேதிகள் வரும், புண் ஆறும்.

முடக்குவாதத்தில் இந்தக் காவல்காரர்களே சொந்த மூட்டின் சவ்வைத் தாக்குகிறார்கள். கூப்பிடும் சேதி ஓயாது. கலையும் சேதி எடுபடாது. சவ்வு தடித்து எலும்பை அரிக்கும். அரித்துப் போன மூட்டு பழையபடி ஆகாது. அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்கிறேன்.

1992-ல் லண்டனில், இந்தியாவில் பிறந்த டாக்டர் ரவீந்தர் மைனியும் டாக்டர் மார்க் ஃபெல்ட்மனும் டி.என்.எஃப். சேதியைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. அது விலை கூடிய மருந்து; எல்லாருக்கும் தேவைப்படாது. பெரும்பாலும் முதலில் கொடுப்பது மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது.

பசார் மாலாமில் வாங்கிய ஜாமுவில் "ரெண்டே நாளில் வலி போச்சு" என்பார்கள். அப்படிப்பட்ட சில சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி அடங்கும், ஆனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென நிறுத்தாமல், புட்டியோடு டாக்டரிடம் போங்கள். திட்ட மாட்டோம்.

எம்.சி. எடுத்தால் சம்பளம் போகுமே என்று நாளைக் கடத்த வேண்டாம். சம்பளத்துடன் நோய் விடுப்பு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தந்த உரிமை. மூட்டு வீங்கினால் வந்து காட்டுங்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தருகிறோம். உழைக்கிற கைதான் நம்முடைய சொத்து.