பனிவண்டிக்கு மாற்று எஞ்சின்

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்னும் சிற்றூர் ஒன்று உளது. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அவ்வூரில் யந்திரத் தொழில் புரிந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்பாரின் இரண்டு வயதுக் குழந்தை கடும் வயிற்றழற்சியால் துன்புற்றது. சாலைகளைப் பனி மூடிக் கிடந்தமையால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியின்றிக் குழந்தை இறந்துபட்டது. பனிமேற் செல்லும் வண்டியொன்றை இளமை முதலே ஆராய்ந்துவந்த அத்தந்தை, அத்துயரத்திற்குப் பின்னும் முயற்சியைக் கைவிடாது, 1937இல் பற்சக்கரமும் பட்டையும் கொண்ட தம் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்று, எழுவர் அமர்ந்து செல்லும் வண்டியை இயற்றினார். ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறு வண்டியை அவர் 1959இல் வெளியிட்டார். 

முன்னே இரு சறுக்குக் கட்டைகளும் பின்னே அகன்ற ரப்பர்ப் பட்டையும் உடைய இவ்வகை வண்டியை ஸ்னோமொபைல் என்பர். குளிர்நாட்டார் பலர்க்கு இஃது இன்று விளையாட்டுப் பொருளே. ஆயினும் சாலையற்ற ஊர்களில் வாழ்வோர்க்கும், துருவமான் மேய்ப்போர்க்கும், உறைந்த ஏரிகளில் மீன் பிடிப்போர்க்கும் இதுவே காலும் கையுமாம். புதுவண்டியின் விலை மிகுதியாதலின், பிறர் ஓட்டிக் கழித்த வண்டியை வாங்குவோர் பலர். அங்ஙனம் வாங்கிய வண்டியின் எஞ்சின் ஒருநாள் திடீரென இறுகி நின்றுவிடும். அல்லது அவ்வாறு நின்றுபோனமையாலேயே அது குறைந்த விலைக்குக் கிடைத்திருக்கும். உடனே வாங்கியவர் வேறோர் எஞ்சினைத் தேடிப் பெற்று, பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டி, மகிழ்ச்சியோடு ஏறிச் செல்வார். ஒரு மணி நேரத்திற்குள் அதுவும் முன்னதைப் போலவே மடிந்துவிடுதல் உண்டு. இஃது ஏன் நிகழ்கிறது, இதனைத் தவிர்ப்பது எவ்வாறு என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் இரு வீச்சு எஞ்சினின் இயல்பை அறிதல் வேண்டும். இதில் பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள் ஒரு வெடிப்பு நிகழ்ந்துவிடும். நிமிடத்திற்கு 8000 சுற்றுச் சுழலுங்கால் ஒவ்வொரு சிலிண்டரிலும் 8000 வெடிப்புகள் உண்டாகின்றன. பிஸ்டன் மேலேறும்போது அதன் கீழுள்ள கிராங்க் அறையினுள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை இழுக்கப்படுகிறது. கீழிறங்கும்போது அக்கலவை அழுத்தப்பட்டுச் சிலிண்டர்ச் சுவரிலுள்ள வாயில்களின் வழியே மேலே செல்கிறது. ஆகவே கிராங்க் அறை வெறும் பெட்டியன்று; அதுவே ஒரு பம்ப்.

இவ்வமைப்பிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று, கார் எஞ்சினிற் போல அடியில் எண்ணெய் தேக்கிவைக்க இங்கு இடமில்லை. பேரிங்குகளும் பிஸ்டனும் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயையே நம்பி வாழ்கின்றன. நம் நாட்டுச் சாலைகளில் முன்னர் மிகுதியாய் ஓடிய ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றியதை நம்மிற் பெரியோர் அறிவர், காரணம் இதுவே. பல பனிவண்டிகளில் எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் சிறு பம்பும் உள்ளன. மற்றொன்று, கிராங்க் அறையில் எங்கேனும் ஒரு சிறு விரிசல் இருப்பின், அதன் வழியே வேண்டாத காற்று உட்புகுந்து கலவையிற் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும். பெட்ரோல் குறைந்த கலவை மிகுந்த வெப்பத்தோடு எரியும். அதனோடு வரும் எண்ணெயும் குறையும். வெப்பம் மிகுந்து எண்ணெய் குறைந்தால் அலுமினியப் பிஸ்டன் விரிந்து, சுவரோடு உராய்ந்து, உருகிப் பற்றிக்கொள்ளும்.

குளிரே இவ்வெப்பத்திற்குத் துணை செய்யுமென்றால் வியப்பாகத் தோன்றும், ஆயினும் உண்மை. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஒரே அழுத்தத்தில், சுழியம் பாகை வெப்பநிலையிலுள்ள காற்றினும் சுழியத்திற்குக் கீழ் 30 பாகை செல்சியஸில் உள்ள காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 12 பங்கு அடர்த்தி கூடியது. பழைய கார்புரேட்டர் இதனைத் தானே உணர்ந்து பெட்ரோலைக் கூட்டித் தரமாட்டாது. ஆதலின் மிதமான குளிருக்கென அமைத்த ஜெட்டோடு கடுங்குளிரில் முழு வேகமாய் ஓட்டுபவர், தாம் அறியாமலேயே எஞ்சினை எரிக்கின்றார். உயர்ந்த மலையில் ஓடிய வண்டியைத் தாழ்நிலத்திற்குக் கொண்டுவந்து ஜெட்டை மாற்றாது ஓட்டுபவர்க்கும் இதே கதி நேரும்.

எனவே இறந்த எஞ்சினைக் குப்பையில் எறியுமுன் அதனைத் திறந்து பார்த்தல் இன்றியமையாதது. தன் முடிவுக்குக் காரணத்தை அது தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கும். பிஸ்டனின் பக்கங்களில் நான்கு இடங்களில் கீறல் காணின், எஞ்சின் சூடேறுமுன்னரே வேகமாய் ஓட்டப்பட்டது எனலாம். பிஸ்டன் விரைந்து விரிய, குளிர்ந்த சிலிண்டர் விரியாது நின்றது. புகை வெளிப்படும் வாயிலின் பக்கமே மிகுதியும் உராய்ந்திருப்பின், பெட்ரோலோ எண்ணெயோ போதவில்லை என்று ஐயுறல் வேண்டும். தலையின் நடுவில் துளை விழுந்திருப்பின், மிகுவெப்பத்தால் கலவை உரிய நேரத்திற்கு முன்னரே பற்றியிருத்தல் கூடும். தலையின் ஓரம் எலி கொறித்தாற்போல அரிக்கப்பட்டிருப்பின், ஒவ்வாத பெட்ரோல் முதலியவற்றால் உண்டாகும் தட்டுவெடிப்பு அதற்குக் காரணமாகலாம்.

இரு சிலிண்டர் எஞ்சினில் மற்றொரு கேள்வியும் கேட்டல் வேண்டும்: கெட்டது ஒன்றா, இரண்டுமா? ஒன்று மட்டும் கெட்டு மற்றது நலமாயிருப்பின், குற்றம் அதற்கே உரிய கார்புரேட்டரிலோ, அதனைப் பொருத்தும் ரப்பர்க் குழாயிலோ, அப்பக்கத்து ஆயில் சீலிலோ இருத்தல் கூடும். இரண்டும் ஒருங்கே கெட்டிருப்பின், இரண்டிற்கும் பொதுவான பெட்ரோல், எண்ணெய்ப் பம்ப், குளிர்நீர் என்பவற்றை ஆராய்க. இவ்வளவும் அறிந்த பின்னரே மாற்று எஞ்சினைத் தேடுதல் முறை.

மாற்று எஞ்சின், பழையதன் வகையைச் சேர்ந்ததாதல் நலம். உருவம் ஒத்திருந்தும், வேறோர் ஆண்டினதாயின் மின்கம்பிகளும் ஸ்டேட்டரும் ஒவ்வாது போகலாம். வாங்குமுன் த்ராட்டிலை முழுதும் திறந்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளத்தல் வேண்டும். இரண்டிற்கும் இடையே நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட வேறுபாடு நன்றன்று. இதனினும் சிறந்தது கசிவுச் சோதனை. உள்வாயிலையும் புகைவாயிலையும் அடைத்து, சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 6 ராத்தல் அழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் சோப்பு நீரைத் தடவின், கசியும் இடத்திற் குமிழி தோன்றும். இச்சோதனைக்குச் செலவு சிறிது. செய்யாது விட்டதற்குச் செலவு இன்னோர் எஞ்சின்.

கழற்றும் வேலை பொறுமை உடையார்க்கு அரிதன்று. முகப்பு மூடியை நீக்கிக் குளிர்நீரை வடித்துவிட்டு, ஸ்பிரிங்குகளாற் பிணித்த புகைக்குழாயை எடுக்க வேண்டும். பின்னர்ப் பெல்ட், கார்புரேட்டர்கள், த்ராட்டில் கேபிள், எண்ணெய்ப் பம்பின் கேபிள், மின்னிணைப்புகள், இழுத்துக் கிளப்பும் கயிறு ஆகியவற்றை முறையே விடுவிக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பையும் கழற்றுமுன் படமெடுத்து வைப்பவர் பூட்டும்போது கலங்கார். முன்கிளட்ச் கிராங்கின் கூம்பு முனையில் இறுகப் பதிந்திருக்கும். அதற்கென உரிய போல்ட்டாலேயே அதனைப் பெயர்க்க வேண்டுமன்றி, சுத்தியால் அடித்தலாகாது. இறுதியில் தாங்கிகளின் போல்ட்டுகளை நீக்கின், இருவர் சேர்ந்து எஞ்சினைத் தூக்கிவிடலாம்.

இனி, புதியதைப் பூட்டுமுன் பழையதன் எச்சங்களை நீக்குதல் வேண்டும். உடைந்த பிஸ்டனின் துணுக்குகள் புகைக்குழாயினுள் தங்கியிருக்கும். கலவையைச் சிலிண்டருக்குத் திருப்பித் தள்ளும்படியாகவே அக்குழாய் வடிவமைக்கப்பட்டதாதலின், துணுக்கும் திரும்பி வருதல் கூடும். எனவே அதனை உதறித் துடைக்க. தொட்டியிற் கிடந்து கெட்ட பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரின் நுண்துளைகளைத் தூய்மை செய்க. கோடை முழுதும் நின்ற வண்டியில் இத்துளைகள் பிசினால் அடைபட்டிருத்தல் பெரும்பான்மை. வெடித்த ரப்பர்க் குழாய்களை மாற்றுக. சிறப்பாகக் கிராங்க் அறையிலிருந்து பெட்ரோல் பம்பிற்குச் செல்லும் மெல்லிய குழாயை நோக்குக. கிராங்க் அறையின் அழுத்த ஏற்றத்தாழ்வே அப்பம்பை இயக்குகின்றது. அக்குழாயில் ஒரு கீறல் இருப்பின் பெட்ரோல் வரத்தும் குறையும், வேண்டாத காற்றும் புகும். மிக மலிவான அக்குழாயே விலையுயர்ந்த எஞ்சினைக் கொன்றிருத்தல் கூடும்.

பூட்டிய பின் மூன்று செய்திகளில் கருத்தூன்றல் வேண்டும். முன்கிளட்சும் பின்கிளட்சும் நேர்க்கோட்டில் உரிய இடைவெளியோடு நிற்றல் ஒன்று; பிழைப்பின் பெல்ட் விரைவில் தேயும். எண்ணெய்க் குழாய்களிற் காற்று இல்லாதபடி வெளியேற்றுதல் மற்றொன்று. எண்ணெய் வரும் இடத்திற் காற்றுக் குமிழி வந்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். இவ்வச்சத்தாலேயே அறிந்தோர் முதற் தொட்டிப் பெட்ரோலில் 50 லிட்டருக்கு 1 லிட்டர் வீதம் எண்ணெயைக் கலந்தும் ஊற்றுவர். மூன்றாவது குளிர்நீர். எதிலீன் கிளைக்காலும் நீரும் சமபங்கு கலந்தால் சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 37 பாகை வரை உறையாது. அதனிடத்தும் காற்றுத் தங்கலாகாது. பல வண்டிகளில் இந்நீரைக் குளிர்விப்பது, பட்டை வாரி எறியும் பனியே. பனியற்ற வெறும் உறைபரப்பில் நெடுந்தூரம் ஓட்டின், கடுங்குளிரிலும் எஞ்சின் கொதிக்கும்.

முதலில் எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, முழுதும் ஆறவிட்டு, மீண்டும் இயக்குக. முதற் தொட்டி தீரும்வரை முழு வேகம் வேண்டா. பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குக: மண்ணிறம் நலம், கரி படிந்து நனைந்திருப்பின் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருப்பின் பெட்ரோல் குறைவு. வெளுத்த பிளக்கைக் கண்டபின்னும் ஓட்டுபவர், இறந்த முதல் எஞ்சினிடமிருந்து ஒன்றும் கற்றிலர்.

எஞ்சின் மடிவது பெரும்பாலும் தன் குற்றத்தாலன்று. தனக்கு வந்த காற்று, பெட்ரோல், எண்ணெய் ஆகியவற்றின் குறையாலேயே என்பது இதுகாறும் கூறியவற்றாற் புலனாகும். எஞ்சினை மட்டும் மாற்றுபவர் அக்குறையை வண்டியிலேயே விட்டுவைக்கின்றார். பட்டறையில் நின்றால் அதனாற் பொருளிழப்பு மட்டுமே. ஆயின் ஊரினின்றும் பல மைல் அப்பால், உறைந்த ஏரியின் நடுவே, பொழுது சாயும் வேளையில் நிற்குமாயின் இழப்பது உயிராகவும் இருக்கலாம். பனியாற் குழந்தையை இழந்த ஒருவர் ஆக்கித் தந்த வண்டி, தன்மேல் ஏறியவரைப் பனியிற் கைவிடாதிருத்தல் வேண்டும். அதற்குப் புதிய எஞ்சின் பாதி மருந்து. பழைய எஞ்சின் இறந்த காரணத்தை அறிதலே மற்றைப் பாதி.