கியர்ப் பெட்டி எண்ணெயை மாற்றுதல்

மாணவர்களே, யாழ்ப்பாணத்தில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் 1000 காரை உதாரணமாகக் கொள்வோம். இதன் கியர்ப் பெட்டிக்கு ஊற்ற வேண்டியது கியர் எண்ணெய் அன்று, என்ஜின் எண்ணெயே. பலர் பிழைவிடும் இடம் இது.

காரைச் சிறிது தூரம் ஓட்டிய பின் எண்ணெயை வடிக்க வேண்டும். சூடேறிய எண்ணெயின் பாகுமை குறைவதால் அது முற்றாக வடியும். காரை மட்டமாக உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்துக. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது. பக்கத்திலுள்ள நிரப்பும் அடைப்பானைத் திறந்த பின்னரே கீழ் அடைப்பானைக் கழற்றுக. எண்ணெயை வடித்த பிறகு மேலது திறபடாவிட்டால் கார் முற்றத்திலேயே நிற்கும்! வடிந்த எண்ணெயில் உலோகத் துண்டுகள் கிடந்தால் பற்சில்லின் பல் உடைந்திருக்கலாம். கீழ் அடைப்பானை இறுக்கி, நிரப்பும் துவாரத்தின் விளிம்புவரை புதிய எண்ணெய் ஊற்றுக, ஏறத்தாழ 1.3 லீற்றர் பிடிக்கும். கியர்ப் பெட்டியில் எண்ணெய் எரிவதில்லை. எனவே பின்னர் மட்டம் குறைந்தால் கசிவைத் தேடுக.

பழைய எண்ணெயைச் சிலர் வேலியோரம் ஊற்றிவிடுவர். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடாக அது கிணற்றைச் சென்றடையும். சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகள் எண்ணெயால் மாசடைந்தமை தொடர்பான வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. கலனில் அடைத்துக் கராஜில் ஒப்படைத்தல் என்ற படிமுறையையும் விடையில் எழுதுங்கள்.