யார் ஊகிப்பது?

பத்திரிகையில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. தேர்தல் வந்துவிட்டால் என் மேசையில் 'யூகம்' குவியும். மூலச்சொல் 'ஊகம்', வடமொழி வரவு. நாக்கு அதன் முன்னே ஒரு யகரத்தை ஒட்டவைத்துவிட்டது. இரண்டையும் விட்டுவிடுவேன். ஆனால் 'கட்சியின் தேர்தல் யூகம்' என்று வந்தால் சிவப்பு மைதான். அங்கே வரவேண்டியது 'வியூகம்'. அது படை அணிவகுப்பைக் குறித்த சொல், இன்று தேர்தல் உத்திக்கும் ஆகிறது.

ஊகத்தின் உறவுச் சொற்களும் ஒரே ரகமல்ல. புகை தெரிகிறது, எனவே நெருப்பு இருக்கிறது என்பது அனுமானம். அதற்குக் காரணம் காட்ட முடியும். மணிமேகலையே இந்த அளவையை விரித்துப் பேசுகிறது. 'குத்துமதிப்பா முந்நூறு இலை விழும்' என்று கல்யாணச் சமையல்காரர் சொல்வது அனுபவக் கணக்கு. 'உத்தேசச் செலவு' திட்டமிட்ட தோராயம். சான்று மெலிந்த இடத்தில்தான் ஊகம் புகுகிறது. விலை ஏறும் என்று நம்பி, லாபத்துக்கு விற்கவே வாங்கிப்போடுவது ஊக வணிகம்.

எனக்கு ஆகாத சொல் 'ஊகிக்கப்படுகிறது'. அமைச்சரவை மாறும் என்று 'ஊகிக்கப்படுவதாக' எழுதிவந்த இளம் நிருபரிடம், "யாருப்பா ஊகிக்கிறது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் பேசிக்கிறாங்க சார்."

"அப்ப ரெண்டு பேர்கிட்டயாவது கேட்டு எழுது."

கேட்டு வந்தால் செய்தி. இல்லாவிட்டால் அந்த வரி அச்சேறாது.